பூஞ்சை ஜீனோமைப் பொதுத் தரவுத்தளத்தில் சேர்ப்பதும் ஆராய்வதும்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பூஞ்சையை வளர்த்து, டிஎன்ஏ எடுத்து, சீக்வென்ஸ் செய்து, கிடைத்த சிறு துண்டுகளை (ரீட்களை) கோத்து அசெம்பிளியும் முடித்தாயிற்று. கட்டுரையை அனுப்பும் நேரத்தில் ஆய்விதழ் கேட்கும்: அக்செஷன் எண், அதாவது தரவுத்தளம் தரும் பதிவு எண், எங்கே? வாங்கப் போனால்தான் தெரியும், அது ஒரு எண் இல்லை, நான்கு எண்கள்: திட்டத்துக்கு, மாதிரிக்கு, மூல ரீட்களுக்கு, அசெம்பிளிக்கு என்று ஒவ்வொன்று. ஒன்று கைக்கு வந்தால் அடுத்ததைக் கேட்பது எளிது. உதவிப் பக்கங்களுக்குக் குறைவில்லை. ஆனால் பூஞ்சைக்காரர்களுக்கு வேண்டியது பாக்டீரியாவுக்கும் தாவரத்துக்கும் எழுதிய பக்கங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கிறது. நான் அதை முட்டி மோதித் தெரிந்துகொண்டேன். நீங்கள் அந்தப் பாடுபட வேண்டாம் என்றுதான் இதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். தாமதம் பெரும்பாலும் சீக்வென்ஸால் வருவதில்லை, மாதிரியைப் பற்றிய விவரங்களால் வருகிறது. எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது, எதன்மேல் வளர்ந்தது, பெயர் சரிதானா என்பவை கையில் இருந்தால் மீதி வேலை ஓடிவிடும்.

1. சேமிக்கும் இடம் வேறு, ஆராயும் இடம் வேறு

சேமிப்புக்கு மூன்று இடங்கள் உண்டு. அமெரிக்காவின் என்சிபிஐ நடத்தும் ஜென்பேங்க், ஐரோப்பாவின் இஎம்பிஎல்-இபிஐ நடத்தும் இஎன்ஏ, ஜப்பானின் டிடிபிஜே. மூன்றும் ஐஎன்எஸ்டிசி என்ற கூட்டமைப்பில் இருக்கின்றன. ஒன்றில் சேர்த்தது மற்ற இரண்டுக்கும் தானாகப் போய்ச் சேரும். ஆகவே ஏதாவது ஒன்றில் மட்டும் சேருங்கள். இரண்டில் சேர்த்தால் ஒரே ஜீனோம் இரட்டைப் பதிவாகிவிடும், அதைச் சரிசெய்ய இரண்டு அலுவலகங்களுக்கும் எழுத வேண்டியிருக்கும்.

ஆராய்ச்சிக்கான தளங்கள் தனி: ஜேஜிஐ என்ற அமெரிக்க ஜீனோம் நிறுவனத்தின் மைக்கோகாஸம், ஃபங்கைடிபி, என்செம்பிள் ஃபங்கை, ஈஸ்ட்டுக்கென்றே இருக்கும் எஸ்ஜிடி போன்றவை. இங்கே மற்றவர்களின் ஜீனோமைத் தேடலாம், ஒப்பிடலாம், தரவிறக்கலாம். உங்கள் ஜீனோமைப் பதிவு செய்து எண் வாங்கும் இடங்கள் அல்ல இவை.

ஜெனோடோவிலோ ஃபிக்‌ஷேரிலோ (எந்தத் துறைக் கோப்பையும் ஏற்கும் பொதுத் தளங்கள்) ஃபாஸ்டா கோப்பை, அதாவது வரிசையை எழுதிய உரைக் கோப்பை, போட்டு டிஓஐ என்ற நிரந்தர இணைய அடையாளத்தை வாங்கினால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். பல இதழ்கள் அதை ஏற்பதில்லை. அதைவிட முக்கியம், அங்கே கிடக்கும் ஜீனோம் யாருடைய பிளாஸ்ட் (வரிசை ஒப்பீட்டு) தேடலிலும் அகப்படாது. ஐஎன்எஸ்டிசியில் இடமில்லாத துணைக் கோப்புகளுக்கு, அதாவது ரிப்பீட் (திரும்பத் திரும்ப வரும் டிஎன்ஏ) நூலகம், பரிணாம மர வரைபடம், இடைநிலை அட்டவணை போன்றவற்றுக்கு, ஜெனோடோ மிகவும் நல்லது. ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை இலவசமாகத் தருகிறது.

இனி வரும் படிகளை ஜென்பேங்கை வைத்துச் சொல்கிறேன். இஎன்ஏவிலும் தர்க்கம் இதேதான், திரைதான் வேறு. இஎன்ஏவுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. வெபின் என்ற சமர்ப்பிப்பு முறைக்குச் சோதனை சர்வர் ஒன்று இருக்கிறது. அங்கே ஒத்திகை பார்க்கலாம். போட்டது 24 மணி நேரத்தில் அழிந்துவிடும் என்பதால் பயமின்றிப் பழகலாம்.

2. கணக்கு யார் பெயரில்?

ஐந்து நிமிட வேலை, ஆனால் பின்னால் வருடக்கணக்கில் தொல்லை தரக்கூடியது. 2021க்குப் பிறகு என்சிபிஐ தானே கடவுச்சொல் தருவதில்லை. ஆர்கிட் (ஆய்வாளர்களுக்கான அடையாள எண்), கூகுள், கல்வி நிறுவனக் கணக்கு போன்ற வெளிக் கணக்கின் வழியாகத்தான் நுழைய முடியும். நிறுவனக் கணக்கை மட்டும் இணைத்துவிட்டு ஒருவர் வேலை மாறிப் போனால், அவர் சமர்ப்பித்த ஜீனோமைத் திருத்த வழி அடைபடும். நான் இருந்த ஒரு குழுவில் இப்படித்தான் ஒரு பழைய அசெம்பிளியின் பிழையான பெயர் நீண்ட காலம் அப்படியே நின்றது.

முதல் நாளே ஆர்கிட் கணக்கையும் கூடவே இணைத்துவிடுங்கள். அடுத்து, சமர்ப்பிப்புப் பக்கத்தில் ஒரு குழுவை உருவாக்கி ஆய்வுத் தலைவரையும் இன்னொருவரையும் சேருங்கள். குழுவின் பெயரில் சமர்ப்பித்தவற்றை அதில் உள்ள எல்லோரும் பார்க்க முடியும்.

3. பூஞ்சையின் பெயரை உறுதி செய்யுங்கள்

ஜீனோமை அனுப்பிய பிறகு இனம் தவறு என்று தெரிந்தால் மாற்றலாம்தான். ஆனால் அதற்குள் அந்தப் பெயர் பலருடைய ஒப்பீடுகளில் ஏறியிருக்கும். இங்கே செலவிடும் ஒரு நாள் வீண் போகாது.

முதலில் ரைபோசோம் ஜீன்களுக்கு இடையே உள்ள ஐடிஎஸ் பகுதியை எடுங்கள். 2012இல் பூஞ்சைகளுக்கான பொது பார்கோடாக முன்வைக்கப்பட்ட பகுதி இதுதான். அசெம்பிளியில் தேடிக் கிடைக்கவில்லையென்றால் பதற வேண்டாம். ரைபோசோம் டிஎன்ஏ பல நகல்களாகத் தொடர்ந்து வருவதால் அசெம்பிளர் அதைச் சுருக்கிவிடும், சில சமயம் விட்டேவிடும். மூல ரீட்களிலிருந்து நேரடியாக எடுக்கலாம். எடுத்ததை யுனைட் தரவுத்தளத்தில் ஒப்பிடுங்கள். பிறகு என்சிபிஐ பிளாஸ்டில், "டைப் மெட்டீரியல்" (ஓர் இனப்பெயருக்கு ஆதாரமாக வைத்த) மாதிரிகளில் மட்டும் தேடும் பெட்டியைத் தேர்ந்துகொண்டு ஓட்டுங்கள். இந்தப் பெட்டியைத் தொடாமல் தேடினால், தவறான பெயரில் யாரோ போட்ட பழைய சீக்வென்ஸ்களே முதலில் வந்து நிற்கும் வாய்ப்பு அதிகம்.

ஐடிஎஸ் மட்டும் போதாத பேரினங்கள் நிறைய. ஃபுசேரியத்துக்கு டெஃப்1 ஜீனும், ஆஸ்பர்ஜில்லஸுக்கு கால்மோடுலினும் பார்க்காமல் இனப்பெயர் எழுதாதீர்கள். ஜீனோமே கையில் இருக்கிறது, இந்த ஜீன்களை எடுக்கச் சில நிமிடம்தான்.

பெயர் இன்று எப்படி எழுதப்படுகிறது என்பதை பூஞ்சைப் பெயர்ப் பட்டியல்களான மைக்கோபேங்கிலோ இண்டெக்ஸ் ஃபங்கோரத்திலோ சரிபாருங்கள். காண்டிடா கிளப்ராட்டா இப்போது நாகசியோமைசிஸ் கிளப்ராட்டஸ், காண்டிடா ஆரிஸ் இப்போது காண்டிடோசைமா ஆரிஸ். புதிய இனம் என்றால் பெயர்ப் பதிவு எண் இல்லாமல் அந்தப் பெயர் செல்லாது, 2013 ஜனவரி 1 முதல் இதுதான் விதி. பெயர் இன்னும் வெளியாகவில்லையென்றால் பேரினப் பெயரோடு "எஸ்பி." என்றும் திரிபின் (ஸ்ட்ரெய்ன்) அடையாளமும் சேர்த்துச் சமர்ப்பிக்கலாம். கட்டுரை வந்ததும் மாற்றிக்கொள்ளலாம்.

4. கையில் இருக்க வேண்டிய விவரங்கள்

சமர்ப்பிப்புப் பக்கத்தைத் திறக்கும் முன் இவற்றை ஒரே தாளில் எழுதி வையுங்கள்.

திரிபின் பெயர். கட்டுரையிலும் குப்பியிலும் கோப்பிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

சேகரித்த தேதி. வருடம் மட்டும் தெரிந்தாலும் போதும். வருடம்-மாதம்-நாள் என்ற வரிசையில் எழுதுங்கள். டிஎன்ஏ எடுத்த தேதியை இங்கே போடாதீர்கள், பூஞ்சையை இயற்கையிலிருந்து எடுத்த தேதிதான் கேட்கிறார்கள்.

சேகரித்த இடம். நாட்டின் பெயர், முக்காற்புள்ளி, பிறகு மாநிலம், ஊர். தேதியும் இடமும் கட்டாயம். தெரியவில்லை என்றால் வெற்றாக விடக் கூடாது. "விடுபட்டது" என்று தொடங்கும் சில நிலையான சொற்றொடர்களின் பட்டியல் இருக்கிறது, அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எதன்மேல் வளர்ந்தது. உயிருள்ள தாவரம் அல்லது விலங்கு என்றால் அதன் அறிவியல் பெயர், இல்லையென்றால் மண், மட்கிய மரம் என்று மூலம்.

வளர்ப்புச் சேமிப்பகத்தின் எண். திரிபை ஒரு பொதுச் சேமிப்பகத்தில் ஒப்படைத்திருந்தால் அந்த எண்ணைக் கட்டாயம் எழுதுங்கள். ஜீனோமைப் பார்த்து ஆர்வப்படும் ஒருவர் அந்தப் பூஞ்சையையே கேட்டு வாங்க இதுதான் வழி. ஒப்படைக்கவில்லையென்றால் இப்போதே தொடங்குங்கள், அதற்கும் காலம் பிடிக்கும்.

அனுமதிக் கடிதங்கள். மரபு வளங்களைப் பயன்படுத்துவது பற்றிய நாகோயா நெறிமுறை 2014 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. வேறொரு நாட்டில் எடுத்த மாதிரி என்றால் அந்த நாட்டின் அனுமதி எண் உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். தரவுத்தளம் அதைக் கேட்காமல் போகலாம், இதழ் கேட்கும். இணை ஆசிரியர்கள் அனைவரின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்குங்கள். ஐஎன்எஸ்டிசியில் பொதுவெளிக்குப் போனது எல்லோருக்கும் நிபந்தனையின்றித் திறந்தது. பிறகு மறைக்கச் சொன்னாலும் தேடலில் வராமல் செய்வார்களே தவிர, எண்ணைத் தெரிந்தவர்களுக்குக் கிடைத்துக்கொண்டுதான் இருக்கும்.

விவரங்களை எக்செலில் நிரப்புபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. "5ஈ3" என்று ஒரு திரிபுக்குப் பெயர் வைத்திருந்தால் எக்செல் அதை 5000 என்ற எண்ணாக்கிவிடும். ஆங்கிலத்தில் ஓசிடி1 என்று எழுதும் ஈஸ்ட் ஜீன் அக்டோபர் முதல் தேதியாகிவிடும். தட்டச்சு செய்யும் முன்பே எல்லா நெடுவரிசைகளையும் "உரை" வடிவத்துக்கு மாற்றுங்கள். பிறகு மாற்றினால் போனது திரும்பாது.

5. பயோபிராஜெக்ட்டும் பயோசாம்பிளும்

பயோபிராஜெக்ட் என்பது ஆய்வுத் திட்டத்தின் எண், பயோசாம்பிள் என்பது ஒவ்வொரு மாதிரியின் எண். பத்துத் திரிபுகளைச் சீக்வென்ஸ் செய்திருந்தால் ஒரு பயோபிராஜெக்ட்டும் பத்து பயோசாம்பிள்களும். பூஞ்சை வளர்ப்புகளுக்குப் பெரும்பாலும் "மைக்ரோப்" என்ற படிவமே பொருந்தும்.

இங்கே அடிக்கடி வரும் பிழைச் செய்தி, "மாதிரிகள் ஒன்றுபோல் இருக்கின்றன" என்பது. மாதிரியின் பெயரும் தலைப்பும் வேறாக இருந்தால் மட்டும் போதாது, மற்ற விவரங்களில் ஒன்றாவது வேறுபட வேண்டும். ஒரே செடியிலிருந்து ஒரே நாளில் எடுத்த திரிபுகள் என்றால் திரிபு நெடுவரிசையைத் தனித்தனியாக நிரப்புங்கள், சரியாகிவிடும். ஒரே திரிபின் மறுபிரதிகள் என்றால் மறுபிரதி எண்ணுக்கு ஒரு நெடுவரிசை சேருங்கள்.

ஜீன்களையும் குறித்துச் சமர்ப்பிப்பதாக இருந்தால், பயோபிராஜெக்ட் பதியும்போதே லோக்கஸ் டேக் (ஒவ்வொரு ஜீனுக்கும் இடும் அடையாளப் பெயர்) முன்னொட்டைக் கேட்டுப் பெறுங்கள். 3 முதல் 12 எழுத்துகள் வரை இருக்கலாம், எழுத்தில்தான் தொடங்க வேண்டும், கோடு போன்ற குறியீடுகள் கூடாது. தரவுத்தளம் தந்த முன்னொட்டைத்தான் உங்கள் ஜீன் பெயர்களில் பயன்படுத்த வேண்டும். முதலில் ஜீன் பெயரிட்டுவிட்டுப் பிறகு முன்னொட்டு வாங்கினால் ஆயிரக்கணக்கான பெயர்களைத் திரும்ப மாற்ற நேரும்.

வெளியீட்டுத் தேதியும் இங்கேயே கேட்பார்கள். தள்ளி ஒரு தேதியைக் கொடுங்கள். அந்தத் தேதி வரும்போதோ, எண் கட்டுரையில் அச்சாகும்போதோ, எது முதலில் வருகிறதோ அப்போது தரவு பொதுவெளிக்கு வரும். முன்கூட்டி வெளியிடுவது எளிது, தேதியை நீட்டிக்கவும் முடியும். தேதியை மறந்துவிட்டால் மட்டும் எதுவும் செய்ய முடியாது. நாட்காட்டியில் குறித்துவையுங்கள். இஎன்ஏவில் இந்தக் காத்திருப்பு அதிகபட்சம் 2 ஆண்டு.

6. மூல ரீட்கள் எஸ்ஆர்ஏ என்ற ரீட் சேமிப்பகத்துக்கு

அசெம்பிளியை மட்டும் கொடுத்துவிட்டு ரீட்களை விட்டுவிடாதீர்கள். நாளை இன்னும் நல்ல அசெம்பிளர் வரும்போது ரீட்கள்தான் தேவைப்படும்.

ரீட்கள் உள்ள ஃபாஸ்ட்க்யூ கோப்புகளை ஜிசிப் முறையில் சுருக்கி அனுப்புங்கள். சாதாரண சிப் கோப்பை வைத்து நேரத்தைப் போக்காதீர்கள். கோப்புப் பெயரில் இடைவெளி வேண்டாம். அட்டவணையில் எழுதும் பெயரும் கோப்பின் பெயரும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். இணை ரீட்கள் (ஒரே டிஎன்ஏ துண்டின் இரு முனைகளிலிருந்து படித்தவை) இரண்டும் அட்டவணையின் ஒரே வரிசையில் வர வேண்டும், இரண்டு வரிசைகளில் அல்ல.

பெரிய கோப்புகளை உலாவி வழியாக ஏற்றினால் பாதியில் அறுந்துவிடும். எஃப்டிபி வழியையோ ஆஸ்பெராவையோ பயன்படுத்துங்கள். எஃப்டிபியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. உங்களுக்கென்று தரும் கோப்புறைக்குள் நுழைந்து, அதற்குள் இன்னொரு புதுக் கோப்புறையை உருவாக்கி, அதற்குள்தான் கோப்புகளை வைக்க வேண்டும். மேல் மட்டத்தில் வைத்தால் சமர்ப்பிப்புத் திரையில் எதுவும் தெரியாது. சரியாக வைத்தாலும் உடனே தெரியாது, சிறிது நேரம் கழித்துப் பக்கத்தைப் புதுப்பித்துப் பாருங்கள். ஏற்றி முடித்ததும் எம்டி5 என்ற சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டு, கோப்பு சேதமில்லாமல் போயிருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

7. அசெம்பிளியைச் சுத்தம் செய்யுங்கள்

ஜென்பேங்க் ஊழியர்கள் திருப்பி அனுப்பும் கடிதங்களில் அதிகம் வருவது கலப்படம் பற்றியதுதான். அவர்கள் கண்டுபிடிக்கும் முன் நீங்களே கண்டுபிடியுங்கள். என்சிபிஐ கலப்படம் தேடும் தன் எஃப்சிஎஸ் கருவியை எல்லோருக்கும் இலவசமாகத் தந்திருக்கிறது. அதில் ஒரு பகுதி சீக்வென்சிங்குக்காக ஒட்டிய அடாப்டர் துண்டுகளின் எச்சங்களைத் தேடும். மற்றது, எஃப்சிஎஸ்-ஜிஎக்ஸ், வேறு உயிரிகளின் டிஎன்ஏவைத் தேடும். இரண்டாவதை முழு வேகத்தில் ஓட்ட 512 ஜிபி அளவுக்கு ரேம் வேண்டும். அப்படிப்பட்ட கணினி யாரிடம் இருக்கிறது? கேலக்ஸி என்ற பொதுக் கணிப்புத் தளத்தில் ஓட்டுங்கள். இலவசக் கணக்கு ஒன்று தொடங்கினால் போதும்.

அறிக்கையில் சந்தேகப்பட்ட ஒவ்வொரு கான்டிக்குக்கும் (அசெம்பிளியின் தொடர்ச்சியான துண்டுக்கும்) ஒரு பரிந்துரை இருக்கும்: முழுதாக நீக்கு, ஓரத்தை வெட்டு, பார்த்து முடிவு செய். கடைசி வகையை நிஜமாகவே பாருங்கள். பூஞ்சைக்குள் பாக்டீரியா வாழ்வது உண்டு. ரைசோபஸ் மைக்ரோஸ்போரஸின் இழைகளுக்குள் மைசிட்டோஹேபிட்டன்ஸ் ரைசாக்சினிகா என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. ரைசாக்சின் என்ற நச்சை உண்டாக்குவது பூஞ்சையில்லை, அந்தப் பாக்டீரியாதான். உங்கள் அசெம்பிளியில் பெரிய பாக்டீரியக் கான்டிக் ஒன்று நல்ல ஆழத்தோடு (நிறைய ரீட்களின் ஆதரவோடு) நின்றால் குப்பை என்று வீசிவிடாதீர்கள். பூஞ்சையின் பதிவிலிருந்து பிரித்துத் தனி ஜீனோமாகச் சமர்ப்பியுங்கள். ஆய்வில் சுவையான பகுதி அதுவாகவே இருக்கக்கூடும்.

மற்ற வேலைகள் சின்னவை. 200 பேஸுக்குக் குறைந்த கான்டிக்குகளை நீக்குங்கள். கான்டிக் பெயர்களைச் சுருக்குங்கள். ஜீன்களைக் குறிக்கும் ஃபன்அனோட்டேட் கருவி 16 எழுத்துக்கு மேல் போன பெயரைக் கண்டால் நின்றுவிடும். மைட்டோகாண்ட்ரியா கான்டிக்கைக் கண்டுபிடித்து, ஃபாஸ்டா தலைப்பு வரியில் அதன் இருப்பிடத்தைக் குறியுங்கள். ரிப்பீட்டுகளை "என்" எழுத்தால் மூடிய கோப்பை ஒருபோதும் சமர்ப்பிக்காதீர்கள். சிறிய எழுத்தில் மூடியது பரவாயில்லை.

பிறகு, இருக்க வேண்டிய ஜீன்களில் எத்தனை கிடைத்தன என்று பார்க்கும் புஸ்கோவை ஓட்டுங்கள். பூஞ்சைக்கான பொதுத் தொகுப்பின் 10ஆம் பதிப்பில் 758 ஜீன்கள் இருக்கின்றன, ஆஸ்கோமைகோட்டாவுக்கான தொகுப்பில் 1706, பெசிடியோமைகோட்டாவுக்கு 1764. பொதுத் தொகுப்போடு நிற்காமல் உங்கள் பூஞ்சைக்கு நெருக்கமானதையும் ஓட்டிப் பாருங்கள். இரட்டிப்பான ஜீன்களின் விகிதம் எதிர்பாராமல் உயர்ந்திருந்தால் இரண்டு வளர்ப்புகள் கலந்திருக்கலாம். அல்லது இரு உட்கரு கொண்ட பெசிடியோமைசீட்டின் இரண்டு ஹாப்லோடைப்புகளும் (ஜீனோம் நகல்களும்) தனித்தனியாக வந்திருக்கலாம். இரண்டாவது நிலை என்றால் இரண்டையும் ஒரே பயோசாம்பிளின் கீழ், தனித்தனி பயோபிராஜெக்ட்டில், இரண்டு அசெம்பிளிகளாகக் கொடுக்க வேண்டும்.

8. ஜீன் குறிப்போடு அனுப்புவதா, இல்லாமலா?

என் கருத்து தெளிவானது. நேரம் நெருக்கினால் ஜீன் குறிப்பு (எங்கே எந்த ஜீன் என்ற விவரம்) இல்லாமல் அனுப்புங்கள். அக்செஷன் எண் சீக்கிரம் கைக்கு வரும், இதழுக்கும் பெரும்பாலும் அது போதும். ஜீன் குறிப்பைப் பிறகு சேர்க்கலாம்.

பாக்டீரியா வேலை செய்யும் நண்பர்கள், "என்சிபிஐயே பிஜிஏபி கருவியால் ஜீன்களைக் குறித்துத் தந்துவிடும்" என்பார்கள். அது பாக்டீரியாவுக்கும் ஆர்க்கியாவுக்கும் மட்டும். பூஞ்சைக்கு நாமேதான் செய்தாக வேண்டும்.

செய்வதென்றால் பூஞ்சைக்கென்றே எழுதப்பட்ட ஃபன்அனோட்டேட் நல்ல தொடக்கம். கேலக்ஸியிலும் இருக்கிறது. ஆர்என்ஏ ரீட்கள் இருந்தால் கட்டாயம் கொடுங்கள், ஜீன் எல்லைகள் அவ்வளவு தெளிவாகும். முடிவில் ஜென்பேங்குக்கு ஏற்ற கோப்பையே தந்துவிடும். வேறு கருவியில் செய்தால் ஜீன்களின் இடங்களை எழுதிய ஜிஎஃப்எஃப் கோப்பை என்சிபிஐயின் டேபிள்2ஏஎஸ்என் கருவி வழியாக மாற்றி, அது தரும் பிழை அறிக்கைகளைப் படிக்க வேண்டும். ஜீனின் நடுவே நிறுத்தக் குறியீடு, பத்துப் பேஸ்கூட இல்லாத இன்ட்ரான் (ஜீனுக்குள் வெட்டி நீக்கப்படும் பகுதி), பெயர் தெரியாத புரதத்துக்கு நீளமான கற்பனைப் பெயர், இந்த மூன்றும்தான் திரும்பத் திரும்ப வரும். உறுதியாகத் தெரியாத புரதத்தை "ஹைப்போதெட்டிகல் புரோட்டீன்" என்றே விடுங்கள். தவறான பெயர் ஒன்று பதிந்துவிட்டால் அதைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து இன்னொருவர் என்று பரவிக்கொண்டே போகும்.

ஈஸ்ட் வேலை செய்பவர்கள் மரபுக் குறியீட்டு எண்ணைச் சரிபார்க்காமல் எதையும் ஓட்டாதீர்கள். காண்டிடா அல்பிகன்ஸும் அதன் உறவுகளும் சியுஜி என்ற மூன்றெழுத்தை லூசினாகப் படிக்காமல் செரினாகப் படிக்கின்றன. என்சிபிஐ பட்டியலில் அது 12ஆம் குறியீடு. பாக்கிசோலன் டானோஃபிலஸ் அதையே அலனினாகப் படிக்கிறது, அது 26ஆம் குறியீடு. நீண்ட காலம் காண்டிடா என்றே அழைக்கப்பட்ட கிளப்ராட்டா மட்டும் சாதாரண 1ஆம் குறியீட்டைத்தான் பின்பற்றுகிறது. பழைய பெயரைப் பார்த்துக் குறியீட்டை முடிவு செய்தால் புரத வரிசையில் அந்த இடங்களெல்லாம் தவறாகும். பிழைச் செய்தி எதுவும் வராது, அதுதான் ஆபத்து. மைட்டோகாண்ட்ரியாவுக்கு வேறு: பெரும்பாலான பூஞ்சைகளுக்கு 4, சாக்கரோமைசிஸ் போன்ற ஈஸ்ட்டுகளுக்கு 3.

9. மற்றவர்களின் ஜீனோமை எடுத்து ஒப்பிடுதல்

என்சிபிஐயின் அசெம்பிளி எண்களில் ஜிசிஏ என்று தொடங்குவது சமர்ப்பித்தவர் தந்தது, ஜிசிஎஃப் என்று தொடங்குவது என்சிபிஐ தேர்ந்தெடுத்து ரெஃப்செக் என்ற மேற்கோள் தொகுப்பில் வைத்தது. ஒரே திரிபுக்குப் பல அசெம்பிளிகள் இருக்கும். எண்ணின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் பதிப்பு எண்ணையும் சேர்த்துக் குறித்துவையுங்கள். அது இல்லாமல் எழுதினால் எந்தக் கோப்பைப் பயன்படுத்தினீர்கள் என்று யாராலும் சொல்ல முடியாது.

மைக்கோகாஸத்தின் பலம் அதன் பரப்பு. பூஞ்சை உலகின் எல்லா மூலைகளிலிருந்தும் 2000க்கும் மேற்பட்ட ஜீனோம்கள், ஒரே மாதிரியான ஜீன் குறிப்போடு இருக்கின்றன. கணக்கு இலவசம். ஆனால் மூன்றைக் கவனியுங்கள்.

இன்னும் கட்டுரையாக வெளிவராத ஜீனோம்களும் அங்கே பார்வைக்குக் கிடைக்கும். அவற்றைப் பயன்படுத்தி எழுத அந்தத் திட்டத்தின் தலைவரிடம் அனுமதி கேட்க வேண்டும். பட்டியலில் வெளியீட்டு விவரம் இல்லையென்றால் எழுதும் முன் கேளுங்கள், எழுதி முடித்த பின் அல்ல.

ஜீன் கோப்புகளில் "எல்லா மாடல்களும்", "வடிகட்டிய மாடல்கள்" என்று இரண்டு வகை இருக்கும். வடிகட்டியதை எடுங்கள். மற்றதில் ஒரே ஜீனுக்குப் பல ஊகங்கள் இருக்கும், ஜீன் குடும்பங்களை எண்ணினால் கணக்கு ஊதிப்போகும்.

புரத எண்கள் அந்தந்த ஜீனோமுக்குள் மட்டுமே தனித்தவை. ஜீனோமின் குறும்பெயரை வெட்டிவிட்டு எண்ணை மட்டும் வைத்தால் இருபது ஜீனோம்களைச் சேர்க்கும்போது ஒன்றோடொன்று மோதும்.

ஃபங்கைடிபி வேறு வகையில் பயன்படும். சிக்னல் பெப்டைடு (புரதத்தைச் செல்லுக்கு வெளியே அனுப்பும் முனை) உள்ள ஜீன்கள், அவற்றில் நோய்த்தொற்றின்போது வெளிப்பாடு கூடியவை, அவற்றுக்கு இன்னொரு இனத்தில் உள்ள ஆர்த்தோலாக்குகள் (ஒரே மூதாதை ஜீனிலிருந்து வந்தவை) என்று படிப்படியாகத் தேடலை அடுக்கிக்கொண்டே போகலாம். நிரல் எழுதத் தெரியாதவருக்கு இதைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை. பூஞ்சை போலத் தோன்றும் ஊமைசீட்டுகளும் அங்கே உண்டு. ஃபைட்டோஃப்தோரா பூஞ்சை அல்ல என்பதை மறந்து வடிகட்டாமல் எண்ணாதீர்கள். நிதி ஏற்பாடுகள் மாறும் காலம் இது, அணுகல் விதிகளை முகப்பில் படித்துவிட்டே திட்டமிடுங்கள். முக்கியமான முடிவுகளை அன்றன்றே தரவிறக்கிவிடுங்கள்.

ஒரு ஜீன் என்ன செய்கிறது என்று உறுதியாகத் தெரிய வேண்டுமானால் மனிதர்கள் படித்துத் தொகுத்த தளங்களுக்குப் போங்கள். சாக்கரோமைசிஸ் செரிவிசியாவுக்கு எஸ்ஜிடி, ஸ்கிசோசாக்கரோமைசிஸ் பாம்பேவுக்கு பாம்பேஸ், காண்டிடாவுக்கு சிஜிடி. இவற்றில் பல கூற்றுகளுக்குப் பின்னால் ஒரு சோதனைக் கட்டுரை நிற்கும்.

துணைப் பொருள் (நச்சு போன்ற செகண்டரி மெட்டபொலைட்) ஜீன் தொகுதிகளைத் தேட ஆன்டிஸ்மாஷ் கருவியைப் பயன்படுத்தினால் பூஞ்சைப் பதிப்பான ஃபங்கைஸ்மாஷைத் திறந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். வெறும் ஃபாஸ்டாவைக் கொடுக்காமல் உங்கள் ஜிஎஃப்எஃப் கோப்பையும் கூடவே கொடுங்கள். இன்ட்ரான் உள்ள ஜீன்களை அந்தத் தளமே ஊகிப்பதைவிட நீங்கள் ஆர்என்ஏ வைத்துச் செய்தது மேல். கார்போஹைட்ரேட் நொதிகளுக்கு டிபிகேன் கருவி போதும்.

10. செலவும் காலமும்

ஜென்பேங்க், இஎன்ஏ, டிடிபிஜே மூன்றிலும் சமர்ப்பிப்புக்குக் கட்டணம் கிடையாது. பணம் வாங்கிக்கொண்டு "சமர்ப்பித்துத் தருகிறோம்" என்பவர்களிடம் போக வேண்டிய தேவையே இல்லை. சீக்வென்சிங்குக்கே பணமில்லையென்றால் ஜேஜிஐக்கு ஆண்டுதோறும் திட்ட முன்மொழிவு அனுப்பலாம். தேர்வானால் சீக்வென்சிங்கும் ஜீன் குறிப்பும் கட்டணமின்றிச் செய்து தருவார்கள். தரவு பொதுவெளிக்கு வரும் என்ற நிபந்தனையோடு.

காலம்தான் உண்மையான செலவு. பயோபிராஜெக்ட், பயோசாம்பிள் எண்கள் விவரங்கள் சரியாக இருந்தால் பெரும்பாலும் விரைவில் வந்துவிடும். ரீட்களுக்கு ஏற்றும் நேரம்தான் பெரிது. அசெம்பிளியை மனிதர்களும் பார்ப்பதால் நாட்களாகலாம், கலப்படமோ ஜீன் பிழையோ இருந்தால் வாரங்களாகும். ஊழியர்களின் மின்னஞ்சல் குப்பைக் கோப்புறையில் விழுந்து கிடக்கும், தினமும் அங்கேயும் பாருங்கள். பதில் எழுதும்போது சமர்ப்பிப்பு எண்ணைத் தலைப்பிலிருந்து அழிக்காதீர்கள், பழைய சமர்ப்பிப்பிலேயே திருத்திய கோப்பைச் சேருங்கள். புதிதாக ஒன்று தொடங்கினால் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவீர்கள். கட்டுரை அனுப்ப நினைக்கும் நாளுக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்குவது நல்லது.

11. கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு

தேதி வரட்டும் என்று காத்திருக்காமல் நீங்களே வெளியிடச் சொல்லுங்கள். ரீட்களும் அசெம்பிளியும் தனித்தனியாகத் திறக்கின்றன. ஒன்று திறந்து மற்றது மூடியே கிடப்பதை அடிக்கடி பார்க்கிறேன். கணக்கிலிருந்து வெளியேறி, வேறொரு உலாவியில் நான்கு எண்களையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். அச்சுப்படி வந்ததும் கட்டுரையில் உள்ள எண்களை மின்னஞ்சலில் வந்த எண்களோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஆங்கில "ஓ" எழுத்தும் சுழியமும் இடம் மாறுவது மிகச் சாதாரணம். கட்டுரையின் டிஓஐ கிடைத்ததும் பயோபிராஜெக்ட் பக்கத்தில் சேர்த்துவிடுங்கள்.